சுவர் காயும்வரை

எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திய வீடுகள் சவரிமுத்துவுக்கு மட்டும் ஏன் திறந்தன? மலேரியா ஒழிப்புப் பிரிவில் அவருடன் பல ஆண்டுகள் வேலை செய்தும் எனக்கு விடை தெரியவில்லை.

சென்ற வாரம் மொரப்பூர் ரயில் நிலையத்தில், எங்களிடம் மருந்து தெளிப்பவராக இருந்த ஒருவர் அருகே வந்தார். "மேடம், நம்ம சவரிமுத்து போயிட்டாருங்க. தூக்கத்துலயே." பிறகு அவரே லேசாகச் சிரித்தார். "அவரு எங்கயும் இவ்ளோ அமைதியா போனதே இல்லீங்க." நானும் சிரித்தேன். அவரை அறிந்தவர்களுக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றாது.

சைக்கிளில் வீடு வீடாகப் போய், காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துவருவது அவர் வேலை. அதை நுண்ணோக்கியில் பார்ப்பதும், வீட்டுச் சுவர்களில் டிடிடி கொசு மருந்து தெளிக்கும் நாட்களைக் குறிப்பதும் என் வேலை. அவர் குழந்தைகளிடம் பொய் சொன்னதில்லை. "வலிக்கும். மூணு எண்றதுக்குள்ள போயிடும்," என்பார். கன்னடத்தில் எண்ணுவார். குழந்தை விழித்துப் பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வாக்கில் காய்ச்சல் திரும்பி வந்தது. ஒழிந்துவிட்டது என்று நானே அறிக்கை எழுதிய ஊர்களுக்குத்தான் வந்தது. காரிமங்கலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், முனியம்மாள் என்பவரின் மருமகள், ஆறு மாதக் கர்ப்பிணி, மூன்றாம் முறையாகக் குளிர்க் காய்ச்சலில் கிடந்தாள். மாத்திரை கொடுத்தோம், கொசு இருக்கும்வரை அது மட்டும் போதாது. அந்த ஊருக்குத் தெளிப்பு நாள் ஒன்றை ஒதுக்கினேன். மாரியம்மன் பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பு.

சவரிமுத்து அட்டவணையைப் பார்த்தார். "பண்டிகைக்கு முந்தி சுவத்துக்குச் சாணியும் செம்மண்ணும் பூசுவாங்க மேடம். மருந்து உள்ள போயிடும், கொசு மேல ஜம்முனு உக்காந்துக்கும். எங்கம்மாவே மாதா கோயில் திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடிச்சி மருந்த மூடினவங்கதான்."

நாளை மாற்ற முடியாது என்றேன். "அப்ப பூசறத முந்த வெக்கிறேன்," என்று புறப்பட்டார். பெண்கள் கேட்பார்கள் என்று நான் நம்பவில்லை.

கேட்டார்கள். மருந்து வருவதற்குமுன் பூசச் சொன்னவர், எத்தனை நாள் முன்பு என்று சொல்லவில்லை. நாங்கள் போய் இறங்கிய காலையில் ஊர்ப் பெண்கள் எல்லார் கையிலும் முழங்கைவரை செம்மண். எல்லாச் சுவரும் ஈரம். ஈரச் சுவரில் மருந்து நிற்காது.

"நீதான பூசச் சொன்ன, சவரி?" என்றார் முனியம்மாள்.

"சொன்னேன் ஆயா. என் தல தெரிஞ்சப்பறம் பூசச் சொன்னேனா?"

"உன் தலயப் பாத்தாதான் எங்களுக்கு ஞாபகமே வருது."

மறுநாள் தெளிப்புக் குழு பாலக்கோட்டுப் பக்கம் போக வேண்டும். இந்த ஊரை விட்டால் அந்தப் பருவத்தில் திரும்பி வர வழியில்லை. 'தெளிக்க இயலவில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். சவரிமுத்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எழுதுங்க மேடம். சுவரு காயற வரைக்கும் நான் இங்கதான்."

உள்ளே முனியம்மாளின் மருமகள் போர்வைக்குள் நடுங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. பேனாவை மூடினேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் குழுவை ஒரு நாள் நிறுத்திவைத்தேன். என் பணிக்காலத்தில் அப்படிச் செய்தது அந்த ஒருமுறைதான்.

அதன் பிறகு எந்த ஊருக்கு நாள் குறிக்கும்முன்னும் அங்கே அடுத்த பண்டிகை எப்போது என்று கேட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது.

மறுநாள் சுவர்கள் காய்ந்திருந்தன. விடிந்ததுமே பெண்கள் பானைகளையும் தானியத்தையும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். ஒரு வீடு விடாமல் தெளித்தோம். புதுச் செம்மண்ணில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்து முனியம்மாள் முகம் சுளித்தார். "கார்த்திக வரைக்கும் சுவத்தத் தொட மாட்டேன், போ," என்றார். பிறகு மருமகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, அவள் படுத்திருந்த அறையைத் தாமே திறந்துவிட்டார்.

"இங்க நல்லா அடி, சவரி. மூலைய விட்றாத."