விக்காவும் என் தங்கச்சியும்

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கச்சி கல்லறைத் திருநாளுக்காக மார்க்கையன்கோட்டைக்கு வந்திருந்தாள். இங்கிலாந்தில் அவளுக்குக் குழந்தை இறந்தே பிறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதன்பிறகு அப்போதுதான் ஊருக்கு வருகிறாள். நான் இங்கே பள்ளிக்கூட டீச்சர்; ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறைக்கல்வியும் எடுக்கிறேன்.

ஒருநாள் காலையில் அவள் கம்பம் போயிருந்தபோது, அழுக்குத்துணி எடுக்க அவள் பெட்டியைத் திறந்தேன். கறுப்பு மெழுகுவர்த்தி, ஒரு சின்னக் கத்தி, வட்டத்துக்குள் நட்சத்திரம் தைத்த துணிப்பை. செய்வினை என்றே நினைத்துவிட்டேன். பையை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. தீர்த்தம் தெளித்து, கொல்லையில் தென்னமட்டையோடு போட்டுக் கொளுத்தினேன். கத்தியை வாய்க்காலில் எறிந்தேன்.

மத்தியானம் வந்தவள், "பை எங்கக்கா?" என்றாள்.

"எரிச்சுட்டேன். வேதக்கார வீட்டுல சூனியச் சாமான் எதுக்குடி?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதுல பாப்பா தொப்பி இருந்துச்சு. ஆஸ்பத்திரில போட்டுவிட்டது."

சாயங்காலம்தான் கேட்டேன். "நீ பேயவா கும்பிடுற?"

"பேய்னு ஒண்ணு இருக்குன்னே அந்த மதத்துக்காரவுக நம்பலக்கா. விக்கான்னு பேரு. மண்ணையும் நிலாவையும் தாயா கும்பிடுவாக. யாருக்கும் கெடுதல் செய்யக் கூடாதும்பாக. அக்டோபர் கடைசில செத்தவுகள நெனச்சு மெழுகுதிரி ஏத்துவாக. அங்கன பக்கத்து வீட்டம்மா அந்த மதந்தான், எம்பிள்ளைக்கும் ஒண்ணு ஏத்துனாக."

"அங்கன நம்ம கோயில் இல்லையா?"

"இருக்கு. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மோட்சம் உண்டான்னு தெரியலன்னு போன்ல சொன்னது யாருக்கா?"

நான்தான். படித்ததை ஒப்பித்திருந்தேன்.

நாலு நாள் முன்னதாகவே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பிறகு விக்காவைப் பற்றித் தேடிப் படித்தேன். என்னால் ஏற்க முடியவில்லை. நிலா படைக்கப்பட்டது, அது எப்படித் தாயாகும்? அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அந்த அம்மாதான், நானில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "விக்கிரகச் சாமானத்தான எரிச்சீங்க, அதுல என்ன பாவம்?" என்றார் சாமியார்.

"பிள்ளைத் தொப்பிங்க சாமி."



எப்போதாவது போன் பண்ணுகிறாள். மழை உண்டா, அணையில தண்ணி திறந்தாகளா என்று கேட்பாள். சொல்வேன். அதைக் கேட்டுக்கொண்டதும் அவளே வைத்துவிடுவாள்.