ஓடாத பிளேனுக்கு ஒரு மணி நேரம்

பிளேன் டிக்கெட்டு போட்டுக் குடுக்குற பொழப்புல, பிளேனு எப்பப் பறக்கும்னு சொல்லுறத விட ஏன் பறக்கலன்னு சொல்லுறதுதான் சாஸ்தி. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. பேரப்புள்ளைக எடுத்தாச்சு, நான் இன்னும் ஒரு தடவ ஏறுனதில்ல. என்னைய மாதிரி கம்ப்யூட்டரு முன்னால உக்காந்து பதில் சொல்லியே வாய் வலிக்கிறவுகளுக்கு இது புரியும்.

போனு சொன்ன நேரம்

நரிக்குடி சைதூனு ஒரு மத்தியானம் மூச்சு வாங்க வந்தா. அவ புருசன் ஆட்டு யாவாரி. அவுக வீட்டுக் கறிக்கொழம்பு இருக்கே... சரி, அது வேற கத. ரெண்டு பயலுகளும் சவுதியில, ஆளுக்கொரு பாலைவனத்து ஊர்ல வேல. சின்னவென் ஜாபருக்கு மறுநா காலையில வயித்துல ஆபரேசன். பக்கத்துல ஒரு ஆளில்ல. "அவென் கண்ணு முழிக்கையில அண்ணென் நிக்கணும்க்கா, பெரியவனுக்கு டிக்கெட்டு போடு"ன்னா.

ரெண்டு ஊருலயும் ஏர்போர்ட்டு இருக்கு, ஆனா ஒண்ணுக்கொண்ணு பிளேனு இல்ல. பெரிய ஊருக்குப் போயி மாறி, மறுநா பொழுது சாஞ்சுதான் சேரலாம். நேர் பஸ்ஸ விட்டுட்டா நாம மாறி மாறிப் போறோம்ல, அதே கததான். சைதூனு போன நீட்டுனா. அதுல ரெண்டு ஊருக்கும் நடுவுல தூரம் இம்புட்டு, பறக்குற நேரம் ஒரு மணி கூட இல்லன்னு போட்டுருந்துச்சு. "அது கோடு போட்டு அளந்தது தாயி, அந்தக் கோட்டுல எதுவும் ஓடல"ன்னேன். அவ மொறைச்சுப் பாத்துக் கேட்டா: "ஓடாத பிளேனுக்கு இம்புட்டு சரியா நேரம் போட்டவென் எவென்க்கா?"

கறி திங்கிற ஊரு

பெரியவென் ரபீக்கு போன்ல வந்தான். அன்னைக்குப் பஸ்ஸும் போயிருச்சாம். "இனி எதுலம்மா போவேன்"னு அழுகுறான். சைதூனு முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டு ஒரு அதட்டு அதட்டுனா: "ஏலே, அந்த ஊருல கறி திங்கிறாகளா இல்லையா? அப்ப ஆட்டு லோடு ஏத்துன லாரி போகாமலா இருக்கும்? சந்தையில கேட்டு ஏறுடா!"

எந்த ஊரு ராகுகாலம்

மறுநா பூரா வீட்ல இருப்புக் கொள்ளாம, போன மடியில வச்சுக்கிட்டு எங் கடையிலயே கெடந்தா சைதூனு. அந்நேரம் பாத்து சேல யாவாரி ஒருத்தரு, மகென் ஏறுற பிளேனு ராகுகாலத்துல கெளம்புதுன்னு சண்டைக்கு வந்துட்டாரு. "நம்ம ஊரு ராகுகாலமா, எறங்குற ஊரு ராகுகாலமா அண்ணாச்சி?"ன்னு கேட்டேன். மனுசன் வெரல மடக்கி யோசிச்சுக்கிட்டு இருக்கையில போனு அடிச்சிருச்சு.

ரபீக்குதான். விடிய விடிய ஆடுகளோட ஆடா வந்து, தம்பிய உள்ள கொண்டுபோறதுக்கு முந்தியே சேந்துட்டானாம். ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிருச்சாம். போன ஜாபரு காதுல வச்சான். அந்தப் பய கெணத்துக்குள்ளருந்து பேசுற மாதிரி சொன்னான்: "மயக்கம் தெளியும்போதே நம்ம வீட்டு ஆட்டு நாத்தம் அடிச்சுச்சும்மா, முழிச்சுப் பாத்தா அண்ணென்."

அன்னையிலருந்து யாரு வந்து தூரம் கேட்டாலும், நேர் பிளேனு இருக்கான்னு பாக்குறதுக்கு முந்தி, அந்த ஊருல கறி திங்கிறாகளான்னு கேட்டுக்கிறேன்.