கடைசி அத்தியாயத்தில் மகன் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் லிட்டில் இந்தியாவில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? அதுவும் கையில் ஒரு கட்டு மாணவர் கட்டுரைகளோடு? நான் வாராவாரம் நடக்கிறேன். கூட்டத்தில் இடிபட்டு, நகைக்கடை வாசல்களைத் தாண்டி, செங்குத்தான படி ஏறி, மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் டியூஷன் அறையைப் பிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். மிச்சத்தைக் கட்டுரைகள் பார்த்துக்கொள்ளும்.

உயர்நிலை நான்கு, அதாவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வருடம் ஒரு பழைய நாவல். பெயர் வேண்டாம் — சொன்னால், 'நாங்களும் அந்தக் காலத்தில் படித்தோம்' என்று எல்லாரும் போன் செய்வீர்கள். பேச எனக்குத் தெம்பில்லை.

கதை இதுதான். கணவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். மனைவி தனியாளாக மகனை வளர்க்கிறாள். பல வருடம் கழித்து அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அவள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இலை போட்டுச் சோறு வைக்கிறாள். முற்றும்.

'பண்புநலன்களை விளக்குக' என்றால் போதும், பிள்ளைகளிடம் விடை தயார். மனைவியா? பொறுமை, தியாகம், மன உறுதி, மன்னிக்கும் மாண்பு. கணவனா? நல்லவன்தான்… ஆனால் சூழ்நிலைக் கைதி! எந்தக் கதையை வேண்டுமானாலும் கொடுங்கள், பெண்ணுக்கு அதே நான்கு குணம், ஆணுக்கு அதே சிறை. ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பத் திருத்தித் திருத்தி எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள். நான்தான். மதிப்பெண் போடக் கொடுத்திருக்கும் விடைத்திட்டம் அதைத்தானே கேட்கிறது?

இந்த வகுப்பில் நிவேதா என்று ஒரு பெண். (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுத அவள் அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.) நன்றாக எழுதிக்கொண்டிருந்தவள், சில வாரமாக வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் அவள் அம்மா என்னைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். வங்கியில் வேலை பார்ப்பவர். குவீன்ஸ்டவுனில் சிறிய அடுக்குமாடி வீடு.

"வீட்ல கொஞ்சம் டென்ஷன் டீச்சர். இவ அப்பா எங்கள விட்டுட்டுப் போயி ரொம்ப நாளாச்சு, உங்களுக்குத் தெரியும்ல? இப்ப திரும்ப வர்றேங்கறாரு. நானும் சரின்னுட்டேன். அடுத்த மாசம் வர்றாரு. அதுலேர்ந்து இவ என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல."

"நான் என்னம்மா செய்யணும்?"

"அந்தக் கடைசி அத்தியாயத்த மட்டும் கொஞ்சம் நல்லா நடத்துங்க டீச்சர். அந்தம்மா மன்னிச்சு ஏத்துக்கறாங்கள்ல… அது இவ மனசுல பதியற மாதிரி."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் தேர்வுக்குப் பாடம் நடத்துகிறவள். குடும்பப் பஞ்சாயத்துக்கு ஆள் அனுப்பவா இலக்கியம்? ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நிவேதாவின் அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய கறிகாய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பெற்றோருக்கென்று போட்டிருக்கும் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கேள்வியைப் பலகையில் எழுதினேன். 'கணவனை ஏற்றுக்கொண்டதில் நாயகியின் பெருமை வெளிப்படுகிறது. விளக்குக.'

பிள்ளைகள் நான்கு குணத்தையும் வரிசையாகச் சொன்னார்கள். நான் நிவேதா பக்கம் திரும்பினேன்.

"நீ என்னம்மா சொல்ற?"

"இந்தக் கேள்வி நாட் ஃபேர் டீச்சர்."

"ஏன்?"

"அந்தம்மாவுக்கு ஒரு மகன் இருக்கான்ல. கடைசிச் சேப்டர்ல அவன் எங்க? அப்பா வர்றாரு, அம்மா சோறு போடறாங்க, எல்லாரும் பெருமைங்கறீங்க. அவன்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா? அது ஒரே ரூம் வீடு. அன்னிக்கு ராத்திரி அவன் எங்க படுத்தான்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "வெளிய படுத்திருப்பான் லா!" என்றான் ஒருவன்.

நான் சிரிக்கவில்லை. நிவேதா வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும். இரண்டே படுக்கையறை. ஒன்றை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் அம்மாவும் மகளும். அப்பா வந்தால் அவள் ஹாலுக்குத்தான் போகவேண்டும், சோஃபாவுக்கு.

அவசர அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினேன். உண்மைதான். கடைசி அத்தியாயத்தில் அந்தப் பையனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எத்தனை வருடமாக இதை நடத்துகிறேன், ஒரு தடவையாவது என் கண்ணில் பட்டதா? பட்டிருந்தாலும் என்ன செய்திருப்பேன் — விடைத்திட்டத்தில் இல்லை என்று தாண்டிப் போயிருப்பேன்.

வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. மெதுவாக என்னிடம் கேட்டார்.

"இப்படி எழுதினா மார்க் குறையுமா டீச்சர்?"

"குறையும். கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லன்னு வெட்டிடுவாங்க."

அவர் மகளைப் பார்த்தார். "நீ எங்க படுப்பேன்னு நான் உன்கிட்ட கேக்கவே இல்லல்ல?"

நிவேதா இல்லையென்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். டிஷ்யூ பாக்கெட்டைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் நிவேதா பக்கம் பக்கமாக எழுதிக் கொண்டுவந்தாள். முழுக்க முழுக்க அந்தப் பையனைப் பற்றி. இத்தனை வருடத்தில் நான் திருத்திய கட்டுரைகளில் இப்படி ஒன்று வந்ததில்லை. ஆனால் என்ன செய்ய? தேர்வில் என்ன கிடைக்குமோ அதைத்தானே நான் போடவேண்டும்? பொய்யாகப் போட்டு ஏமாற்றினால் நாளைக்கு அவள்தானே கஷ்டப்படுவாள்? மனசே இல்லாமல் பாதி மதிப்பெண் போட்டேன்.

சாயங்காலம் அழைத்துப் போக வந்த அம்மா கட்டுரையை வாங்கி, நின்றபடியே கடைசி வரை படித்தார்.

"அவர்கிட்ட இப்ப வேணாம்னு சொல்லிட்டேன் டீச்சர். இவளுக்கு எப்ப சரின்னு தோணுதோ அப்ப பாக்கலாம்னுட்டேன். கோவம்தான் அவருக்கு… இருக்கட்டும்."

"மார்க்குதான் பாதி போச்சு" என்றேன், அசட்டுத்தனமாக.

"பரவால்ல டீச்சர்" என்றார், தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே. "மீதி மார்க்க நான் வீட்ல போட்டுட்டேன்."