காற்றில் நின்ற விரல்

எங்கள் அப்பா மாமல்லபுரத்தில் சிலை செய்கிறவர். சாமியைத் தவிர வேறெதற்கும் அவர் உளி பிடித்ததில்லை. தொண்ணூறுகளில், நான் பாவாடை கட்டிய சிறுமியாக இருந்தபோது, முதல்முறையாகக் கோட்டும் கண்ணாடியும் போட்ட ஒருவரைச் செய்தார். நெம்மேலிப் பக்கத்துக் காலனிக்காரர்கள் கேட்டது அது. சிமெண்டு வேண்டாம், உப்புக்காற்றுக்குத் தாங்குகிற கல்லில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"யாருப்பா இவரு?" என்றேன்.

"இந்த நாட்டுக்கே சட்டம் எழுதனவரு."

அம்மாவுக்கு அது போதவில்லை. "அம்மாம் பெரிய நாட்டுக்கு ஒரே ஆளா எழுதனாரு?"

கல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "ஏழு பேரு குழுவாம்க்கா. ஒருத்தரு வுட்டுட்டுப் போயிட்டாரு, ஒருத்தரு செத்துட்டாரு, ஒருத்தரு வெளிநாட்ல. கடைசில பாரம் பூரா இவரு தலைமேல."

மாமா பாரத்தைப் பற்றிப் பேசியதுதான் வேடிக்கை. கல்லைத் தூக்கக் கூப்பிட்டால் அவருக்கு அப்போதுதான் டீ குடிக்கத் தோன்றும்.

அப்பாவுக்குச் சிலை என்றால் சாமிதான். தினமும் குளித்துத் திருநீறு பூசி, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அந்தக் கோட்டிலும் உளி வைத்தார். சாமி விரல்களுக்குப் பின்னால் தாங்கலாகக் கொஞ்சம் கல்லை விட்டுவைப்பார்கள். இவருக்கோ ஒரு கையில் புத்தகம், மறுகையில் நீட்டிய சுட்டுவிரல். எந்தத் தாங்கலும் இல்லாமல் காற்றில் நிற்கிற விரல்.

சிலையை எடுத்துப்போக வண்டி வருவதற்கு முதல் நாள், நிமிர்த்தி நிறுத்துவதற்காக மாமா சாமிக்குப் போடுகிற மாதிரியே அந்தக் கைக்கும் கயிறு போட்டு இழுத்தார். 'டிக்'கென்று ஒரு சத்தம். விரல் மணலில் கிடந்தது.

"கம்பி சொருவி, கல்தூளு வெச்சு ஒட்டிடலாம் மச்சான். ஓட்டல் பொம்மைங்களுக்கு எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க. எவன் கண்டுபுடிக்கப் போறான்?" என்றார் மாமா.

"அவங்க மாலை போட்டு, மேளம் வெச்சு எடுத்துகினு போகப்போறாங்கடா. பின்னமானத மறைச்சு எப்படிக் குடுக்கறது?"

உடைந்த சிலையை நாங்கள் உள்ளே வைப்பதில்லை. வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவோம், அல்லது கடலில் சேர்ப்போம். புதிதாகச் செய்ய மாதக்கணக்கு ஆகும். அங்கே பந்தலே போட்டாகிவிட்டது. அம்மா அம்மனுக்கு விளக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா சோற்றைத் தொடவில்லை.

காலையில் வண்டி வந்தது. ஆண்கள் நாலைந்து பேர், கூட வயதான ஓர் அம்மாள். அப்பா விரலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் உள்ளதைச் சொன்னார்.

"இன்னாய்யா இது? கையில வெரல் இல்லாத இத்த எப்டி எடுத்துகினு போறது?" என்று ஒரு வாலிபர் எகிறினார்.

அந்த அம்மாள் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "ஒட்ட முடியுமா, முடியாதா? அத்த சொல்லு."

"ஒட்டலாம்மா. பொயலு வந்தாலும் நிக்கும். ஆனா பின்னமானத வெளிய வெச்சுடணும். அது எங்க சாத்திரம்."

அவள் பொக்கை வாயால் சிரித்தாள். "வெளிய வெச்சா எப்டி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்பா. அது கூடாதுன்னுதானே அவரு எழுதனாரு? அவரு சாமி இல்ல, மனுசன். ஒட்டு."

அவள் வாயால் அம்மனே பேசினாள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து விரலை ஒட்டினார். யாரும் கூப்பிடாமலே மாமா கல்லின் ஒரு முனையைத் தூக்க வந்து நின்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பசை இறுகக் காத்திருந்தபோது அம்மா சொம்பும் தம்ளருமாக வந்தாள். அந்த அம்மாள் தரையில் குந்தி, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு, மேலிருந்து ஊற்றட்டும் என்று குனிந்தபடி இருந்தாள். அம்மா தானும் குந்தி, தம்ளரில் ஊற்றி, அந்தக் கைகளுக்குள் வைத்தாள். அவள் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தாள்.

"ஜில்லுனு கீதும்மா" என்றாள்.

வண்டி மேளத்தோடு கிளம்பிப் போனதும் எங்கள் வீட்டுக்கு உயிர் வந்தது. அம்மா வேண்டிக்கொண்ட விளக்கை ஏற்றினாள். நான் குழாயடிக்கு ஓடி, தரையில் குந்தி, கைகளைக் குவித்து, "அம்மா, இங்க பாரு!" என்று அந்த அம்மாள் மாதிரியே தண்ணீர் குடித்துக் காட்டினேன். அம்மா ஓடிவந்து என் கைகளைப் பிரித்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

விரல்தான் ஒட்டியாகிவிட்டதே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.