செக்கிங் நாளில் சாரம் ஏறாதவர்கள்

பெயிண்ட் காண்ட்ராக்ட் எடுக்கிறவனுக்கு உப்புத்தாள் தேய்வதற்கு முன்னால் நாக்குத் தேய்ந்துவிடும். கொத்தனாரோ, பிளம்பரோ, டைல்ஸ் ஒட்டுகிறவரோ, வீட்டுக்காரர் வாயில் விழுந்து எழுந்த யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கமுதி, திருவாடானை, கீழக்கரை என்று இந்த மாவட்டத்தில் நான் சண்டை போடாத தெரு குறைவு. எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பேரம் பேசித்தான் ஆளானேன்.

என்னிடம் வேலை பார்ப்பவர்கள் இரண்டு வகை. ஒரு பாதி, ராமநாதபுரத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் சிலோன் காலனிக்காரர்கள். தாத்தாமார்களைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். அய்யாமார்களை ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அரசாங்கத் தாளில் நாங்கள் ‘தாயகம் திரும்பியோர்’. இன்னொரு பாதி, மண்டபம் முகாமில் இருப்பவர்கள். சண்டைக்குப் பயந்து படகேறி வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும். தாளில் அவர்கள் அகதிகள். ஊர்க்காரன் வாயில் மட்டும் நாங்கள் எல்லாருமே ‘சிலோன்காரன்’.

கமுதியில் ஒரு தள்ளுபடி

கமுதியில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவர் வீடு கட்டினார். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னேன். ஏற்ற இறக்கம் எல்லாம் பேசி முடித்து, வெற்றிலையை மடித்து வாயில் போடும்போதுதான் கேட்டார், ஆட்கள் எந்த ஊர் என்று. பாதிப் பேர் மண்டபம் முகாம் என்றேன். மடித்த வெற்றிலை வாய்க்குப் போகாமல் நின்றது. “அகதிகளா? அப்ப ரேட்டைக் கொறைச்சுப் போடு. அவங்களுக்கு அரிசி பருப்பெல்லாம் அரசாங்கம் குடுக்குதுல்ல?” என்றார்.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. “அண்ணாச்சி, உங்க வீட்டுலயும் ரேஷன் கார்டு இருக்கு. அதுக்காக நீங்க வத்தலைக் கொறைச்சு விக்கிறீகளா? அரிசி குடுத்தா அவன் கை பாதி வேகத்துலயா ஓடும், சுவரு பாதி உசரம்தான் இருக்குமா?” என்று கேட்டேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். சொன்ன ரேட்டிலிருந்து பத்துக் காசு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவேன் என்று வீம்புக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுத்துத் தொலைத்தேன். எழுந்து வரும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் சொன்னார்: “அவங்க கொறைக்க வேணாம்ப்பா, நீயும் அங்கன இருந்து வந்த குடும்பந்தானே, உன் பங்குக்கு நீயாவது கொறைச்சுக்கயேன்!”

நான் செய்த தப்பு

அந்த வாக்குதான் வினையானது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மழை. வெளிச்சுவர் காயவில்லை. சனிக்கிழமை ஒரு நாள் இருந்து முடித்துக்கொடு என்று குகனிடம் சொன்னேன். குகன் என்னிடம் இருக்கிற ஆட்களில் முதல் கை. ஆறு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவன். இன்றைக்குக் கல்லூரி முடித்த மகளுக்குத் தகப்பன். அவன் தயங்கினான். “செக்கிங் இருக்குண்ணே” என்றான். “ஒரு தடவைதானப்பா” என்றேன்.

செக்கிங் என்றால் முகாமுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. மாதத்தில் இரண்டு முறை வருவாய் ஆய்வாளர் பதிவேட்டோடு வந்து உட்காருவார். குடும்பத்துக்கு ஒருவர் நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். குகன் வீட்டில் பதிவு அவன் பெயரில். அன்றைக்கு அவன் இல்லை. பெயருக்கு மேல் கோடு விழுந்தது. மாத உதவிப் பணம் நின்றது, அரிசி நின்றது. மறுபடி சேர்க்க மூன்று மாதம் மனுவும் கையுமாக அலைந்தோம். திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நானும் அவன் பக்கத்தில் நின்றேன். கடைசியில் சேர்த்தார்கள், அடுத்த முறை கோடு விழுந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். படியிறங்கும்போது, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னது இரண்டோ மூன்றோ முறை. குகன் சிரித்தான். “விடுங்கண்ணே. நான் அடிச்ச பெயிண்ட் பத்து வருசம் நிக்கும், என் பேரு பதினஞ்சு நாளைக்குத்தான் நிக்கும்.”

யாருக்கு டீ இனாம்

உச்சிப்புளியில் ஒரு டீக்கடை. செல்வராசு எங்கள் காலனிக்காரன், என் ஒன்றுவிட்ட தம்பி. வாய் என்னைவிட நீளம். அவனுக்கும் குகனுக்கும் வாரத்துக்கு ஒரு முறை இந்தச் சண்டை வரும். அன்றைக்கு ஆரம்பித்தது செல்வராசு.

“உங்களுக்கென்னப்பா. மாசம் பொறந்தா காசு. இப்பப் புதுசா வீடும் கட்டிக் குடுத்துட்டாக. எங்க வீடு அய்யா காலத்துல லோன் போட்டுக் கட்டுனது. மழை பேஞ்சா உள்ள குடை பிடிக்கணும்.”

குகன் வேலையிடத்தில் எங்களைப் போலத்தான் பேசுவான். கோபம் வந்தால் அவர்கள் வீட்டுப் பேச்சு வந்துவிடும். “ஓம், வீடு தந்தவங்கள்தான். பட்டா தந்தவங்களோ? உங்கட ஓட்டை வீட்டை நீங்க விக்கலாம். என்ர நல்ல வீட்டை நான் விக்கேலாது.”

“வித்தா யாருலே வாங்குறான்? சிலோன் காலனின்னா பொண்ணு குடுக்கவே யோசிக்கிறான். பூர்வீக ஊருக்குப் போனா, எங்க நிலத்தை உழுதுக்கிட்டிருந்த பங்காளிக வாங்கன்னாக, உக்காருங்கன்னு சொல்லல.”

“உங்கட மகன் பாஸ்போர்ட் எடுத்து மலேசியா போயிட்டான். என்ர மகள் பி.காம் படிச்சிட்டு ஜவுளிக்கடையில சேலை மடிக்கிறாள். அரசாங்கப் பரீட்சை எழுதுவம் எண்டால் எந்த நாட்டுக் குடிமகள் எண்டு கேக்கிறாங்கள்.”

“படிக்கவாவது வச்சியேப்பா! எங்க காலனியில எத்தனை பய பத்தாவது தாண்டியிருக்கான்? எண்ணிக் காட்டு பாப்போம்.”

நான் குறுக்கே போகவில்லை, ஏனென்றால் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. முகாமில் படிப்பு இருக்கிறது, அதை வைத்து ஏற வேலை இல்லை. காலனியில் எந்த வேலைக்கும் மனுப்போட உரிமை இருக்கிறது, மனுவை நிரப்ப ஆள் இல்லை. குகன் ஓட்டுவது பழைய பைக், அதுவும் முகாம் முகவரியில் வண்டி பதிவதில் சிக்கல் என்று செல்வராசு பெயரில் வாங்கியது. செல்வராசு வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வது குகன் மகள். இவ்வளவு கொடுக்கல் வாங்கலையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பெஞ்சு அதிரக் கத்தினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டீக்கடைக்காரர் கரண்டியைத் தட்டினார். “ரெண்டு பேருல யாரு ரொம்பப் பாவமுன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்கப்பா, அவருக்கு இன்னைக்கு டீ இனாம்.”

வெள்ளைச் சட்டை

திருவாடானையில் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் வீட்டில் வேலை. நல்ல மனிதர். பேரம் பேசியது நான் மட்டும்தான், ஆட்கள் அவரை அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் சாரத்தில் நின்று சுவருக்குப் பட்டி மாவு பூசிக்கொண்டிருந்தோம். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் நீளமான நோட்டு. கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்து, நோட்டை விரித்து, மேலே அண்ணாந்து பார்த்தார்.

அவ்வளவுதான். குகனும் முகாம் ஆட்கள் மூன்று பேரும் கரண்டியைப் போட்டுவிட்டு மளமளவென்று இறங்கினார்கள். கையைத் துடைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள், அதுவும் முகாமில் வீட்டு நம்பர் என்ன வரிசையோ அதே வரிசையில். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போய் நின்றுவிட்டது. செல்வராசு மட்டும் மேலேயே குந்தியிருந்தான். “யாருங்க அது? சாரத்துக்கடியில நிக்காதீக, தலையில பட்டி விழும்!” என்று கத்தினான். அதே சாரம், அதே கூலி. ஒருவனுக்கு வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் வாய் திறக்கிறது, இன்னொருவனுக்குக் கை கட்டிக்கொள்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் இறக்குவது என்று தெரியாமல், “ஏலே, மேல ஏறுங்கடா!” என்று அவர்களையே விரட்டினேன். தாசில்தார் நோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “நான் ஹாலுக்கு எந்தப் பச்சைன்னு கேக்கத்தானப்பா வந்தேன், நீங்க எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?”

கீழக்கரைக் கதவு

கீழக்கரையில் பெரிய மாடிவீடு. வீட்டு அம்மாவின் கணவர் துபாயில். எல்லாவற்றையும் முன்னே நின்று பார்த்தவர் அம்மாவின் அண்ணன். ஒரு மாதமாக அவரோடுதான் பேரம், அவரோடுதான் சண்டை. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் மகளுக்கு நிக்காஹ். வாசல் கதவு தேக்கு. பாலிஷ் போடுவது குகன். சனிக்கிழமை கடைசிக் கோட்டு பாலிஷ் போட வேண்டும். புதன்கிழமை குகனுக்குப் போன் வந்தது: அந்த முறை செக்கிங்கைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.

அண்ணன்காரரிடம் போய்ச் சொன்னேன். சனிக்கிழமை குகன் வரமாட்டான். வேறு ஆளை வைத்துப் போடு என்றார். “பாதிக் கதவுல கை மாறுனா திட்டுத் திட்டாத் தெரியும் பாய், நாளைக்கு என்னையத்தான் வைவீக” என்றேன். “ஒரு நாள் போகலைன்னா என்னப்பா, ஆயுசா போயிரும்?” என்றார். கமுதி வேலையில் நான் குகனிடம் பேசிய அதே பேச்சு. அதை இன்னொருத்தர் வாயில் கேட்டபோதுதான் எவ்வளவு அசிங்கம் என்று புரிந்தது. “போயிரும் பாய். வீடு போயிரும். உங்க கதவுக்காக அவன் வீட்டை நான் குடுக்க மாட்டேன்” என்றேன். “அப்ப மிச்ச வேலைக்கு நான் வேற காண்ட்ராக்டரைப் பாத்துக்கிறேன்” என்றார். “பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு, சாரத்தை அவிழ்க்கச் சொல்லத் திரும்பினேன். செல்வராசு அதற்குள் இரண்டு கட்டு அவிழ்த்திருந்தான். குகன் ஓடி வந்தான். “அண்ணே, வேணாம், நான் நிக்கிறேன். பெரிய வேலை கெட்டுரும்.” “உன்னைய யாருலே கேட்டா? வாளியைக் கழுவு!” என்று கத்தினேன்.

அப்போதுதான் வீட்டு அம்மா உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தார். நானும் எத்தனையோ வருடமாகக் கீழக்கரையில் வேலை பார்க்கிறேன், இந்த ஊரில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? அப்படியிருந்தும் ஒரு மாதமாகத் தப்பான ஆளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். “காக்கா, நீங்க சும்மா இருங்க. இது நம்ம வாப்பா எனக்குத் தந்த வீடு” என்று அண்ணனை அடக்கினார். பிறகு குகனைப் பார்த்தார். “எங்க வீட்டுக்காரவுக இங்கன ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தப்ப, ஆறு மாசத்துக்கு மேல இங்கன தங்கினா துபாய் விசா போயிரும்னு தையல் ஆறும் முன்னாடி எந்திரிச்சு ஓடுனாக. தலையக் காட்டுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். நீங்க போயிட்டு வாங்க தம்பி. கதவு ஞாயித்துக்கிழமை விடியக்கால சுபுஹு தொழுகைக்குப் பொறகு அடிச்சாப் போதும்.”

சனிக்கிழமை காலையிலேயே குகனைக் கொண்டுபோய் முகாமில் இறக்கினேன். ஆய்வாளர் வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. முழு நாளும் போயிற்று. பெயரைக் கூப்பிட்டார்கள், ‘இருக்கிறேன்’ என்றான், கோடு விழவில்லை. ஞாயிறு விடிந்ததும் கதவுக்குக் கடைசிக் கோட்டு. முழுதாகக் காயவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க ஓடி வந்த அண்ணன்காரர், கதவில் சாய்ந்து நின்றுவிட்டார். புது வெள்ளைச் சட்டையின் முழுக்கை ஓரம் முழுக்கத் தேக்கு நிறம். கையைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அடுத்த சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். “மாடிக்கு வெளிப்பூச்சு அடுத்த மாசம் உனக்குத்தான், ஆனா வந்தா முதல்ல செக்கிங் தேதியைச் சொல்லு, அப்புறம் ரேட்டைச் சொல்லு” என்றார்.

எங்கள் காலனிக்குப் பட்டாவையும் அவர்கள் முகாமுக்கு வீட்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்த அதிகாரிகள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கதவை முடிக்க ஒரு சனிக்கிழமையைக் கொடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள்.