கீழறையில் வைத்த மருந்து

மலைமேல் குண்டனி நாட்டில் பாவாயியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. மிளகு பறிக்க ஏணியில் ஏறிக்கொண்டே கீழே நிற்கிறவனை நாலு கேள்வி கேட்டு மடக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் மூன்று நாள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். பேச வேண்டிய நேரம் பார்த்துப் பேசாமல் போனாளே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவளுக்கு ஒரே மகள், கோகிலா. வயது பதினொன்று. எட்டு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தங்காது. சுகாதார நிலையத்து நர்ஸ் ஷாஹிஸ்தா இதைச் சுற்றி வளைக்காமல் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"மருந்து சில்லுனு இருக்கோணும்க்கா. ஆனா உறைஞ்சுறக் கூடாது. உறைஞ்சு உருகுனா பாக்கறதுக்கு மருந்தாட்டமே இருக்கும், ஒடம்புல வேலை செய்யாது. அப்படி ஆச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு எங்கிட்ட வாங்க, வேற தாரேன்."

இரண்டு வருஷம் பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் குப்பியைப் புதைத்து வைத்துச் சமாளித்தார்கள். போன கோடையில் மணலே கொதித்தது. அதன்பிறகுதான் பாவாயியும் புருஷன் அர்த்தனாரியும் மலை இறங்கி, சேந்தமங்கலத்தில் ஜாபர் உசேன் கடைக்குப் போனார்கள்.

கடையில் வரிசையாக நின்ற ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டு பாவாயி உதட்டைப் பிதுக்கினாள். "ஏனுங்க பாய், கறி வெக்கற ஐஸ் பொட்டி எல்லாத்துலயும் உச்சந்தலையில இருக்குது. அதுக்கு அடியில சாமி வெண்ணெய வெச்சா எங்க பங்காளிங்க ஊட்டுப்படி ஏற மாட்டாங்க."

ஜாபர் உசேன் சிரிக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய் வேறொன்றைக் காட்டினார். "இதுல ஐஸ் அறை கீழ இருக்குதும்மா. கறி, மீனு எல்லாம் அடியில போயிரும். அன்னாடம் எடுக்கற சாமான் மேல, கைக்கு எட்டற ஒசரத்துல. மருந்த மேலறையில நடுத்தட்டுல வைங்க. பின்சுவத்துல ஒட்டக் கூடாது. கீழ மட்டும் வெச்சுறாதீங்க." சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தணும், மலையில் கரண்ட் ஏறி இறங்கும், ஸ்டெபிலைசர் இல்லாமல் போடக் கூடாது, கதவு ரப்பரில் அழுக்குச் சேர்ந்தால் குளிர் நிற்காது என்று அத்தனையும் சொன்னார். பாவாயி ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள். மாதம் ஒருமுறை ரப்பர் மடிப்பைத் துணியால் துடைக்கிற அளவுக்கு அதைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வருஷம் குலசாமி வெண்ணெய் முறை அர்த்தனாரி வீட்டுக்கு வந்தது. பங்காளிகள் எட்டு நாள் வீட்டுக்கு வீடு வெண்ணெய் எடுத்துக் கொண்டுவந்து முறைக்காரர் வீட்டில் சேர்ப்பார்கள். எட்டாம் நாள் உருக்கி, அந்த நெய்யில்தான் சாமிக்கு விளக்கு. அந்த எட்டு நாளும் வீட்டில் கறி ஆகாது. இரத்தம் பட்ட எதுவும் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருக்கலாகாது.

முதல் நாள் காலை பாவாயி பிளக்கைப் பிடுங்கி, ஃபிரிட்ஜை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். மேலறை முழுக்க வெண்ணெய்ச் சட்டிக்கு. அப்படியானால் ஊசி மருந்து எங்கே? தினம் பிள்ளையின் இரத்தத்தைப் பார்க்கிற ஊசி போய் வருகிற குப்பி அல்லவா அது. கீழறை காலியாக, துடைத்துக் காய்ந்து கிடந்தது. கறிதான் இல்லையே, குளிர்த் திருகைக் கடைசிவரை குறைத்து வைத்தால் ஐஸ் எங்கே கட்டப்போகிறது என்று அவளே ஒரு கணக்குப் போட்டாள். ஒரு மாதத்துக்கான குப்பிகள் அத்தனையையும் மூடி போட்ட சம்படத்தில் போட்டுக் கீழே வைத்து, திருகைக் குறைத்து, பிளக்கைச் செருகினாள். அடி பாவி, கடைக்காரர் வாய்விட்டுச் சொன்னாரே! சொன்னதெல்லாம் மற்ற நாளைக்கு, நோன்பு நாளைக்கு வேறே என்று அவள் நினைப்பு.

அன்று பெய்த மழையில் கரண்ட் போனது. மறுநாள் மாலைதான் வந்தது. அதுவரை குப்பியைத் தொட்டால் நல்லபடியாகத்தான் இருந்தது. கரண்ட் இல்லாததால்தான் ஐஸ் கட்டவில்லை என்பது தோன்றாமல், தன் கணக்கு சரி என்று அவளுக்கு ஒரே திருப்தி.

மூன்றாம் நாள் காலை சம்படத்தைத் திறந்தாள். குப்பிகள் அத்தனையும் கட்டியாக உறைந்திருந்தன.

அப்போதே ஷாஹிஸ்தாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடினால் எங்கே வைத்தாய் என்று கேள்வி வரும். இரத்த மருந்தை வெண்ணெய்ப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள் என்று ஊர் முழுக்கத் தெரியும். சேர்த்த வெண்ணெய் அத்தனையும் தீட்டு என்று கொட்டுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற முறை அவளால் கெட்டது என்றாகும். குப்பியை உள்ளங்கையில் வைத்து உருக்கினாள். தெளிவாக, பழையபடியே இருந்தது. பிள்ளையிடம் நீட்டினாள். கோகிலா வழக்கம்போலத் தானே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

மறுநாள் பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. ஐந்தாம் நாள் விரலில் குத்திப் பார்த்தபோது மெஷின் எண் காட்டவே இல்லை. அளவு தாண்டிவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டும் விழுந்தது. அர்த்தனாரி ஷாஹிஸ்தாவுக்குப் போன் போட்டு பாவாயியிடம் கொடுத்தான்.

"மருந்து கிருந்து உறைஞ்சுதாக்கா?"

வாசலில் பங்காளிகள் வெண்ணெயோடு நின்றார்கள். புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க சிஸ்டர்," என்றாள் பாவாயி.

"அப்படீன்னா நாலு யூனிட் சேத்துப் போட்டுட்டு, ரெண்டு மணி நேரங்கழிச்சுப் பாத்துச் சொல்லுங்க. எறங்கலீன்னா ஒடனே இங்க கூட்டியாந்துருங்க."

செத்த மருந்தில் நாலு யூனிட் சேர்த்துப் போட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் அதே அடையாளம். குறைந்திருக்கிறது என்று போனில் சொன்னாள்.

ஆறாம் நாள் காலை கோகிலா வாந்தி எடுத்தாள். மூச்சு நெஞ்சை இழுத்து இழுத்து வாங்கியது. வாயில் பழுத்த அன்னாசி வாசம் அடித்தது. வீட்டில் அன்னாசியே இல்லை; சர்க்கரை முற்றினால் வாயில் பழவாசம் வரும் என்று ஷாஹிஸ்தா முன்பே சொல்லியிருந்தாள். பாவாயி அந்த வாயருகே முகத்தை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, மருந்து உறைஞ்சு போச்சு. மூணு நாளா தெரியும். கறி வெக்கற எடத்துல வெச்சது நான்தான்," என்றாள் புருஷனைப் பார்த்து.

வாசலில் நின்ற பங்காளி வீட்டு அத்தாயிதான் முதலில் பேசினாள். "கொழந்தைய விட வெண்ணெ பெருசா, பாவாயி? சொல்லியிருந்தா அந்தச் சட்டிய நானே தூக்கிட்டுப் போயிருப்பனே." இதற்குத்தானா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டே பாவாயி பிள்ளையை வாரித் தூக்கினாள்.

அர்த்தனாரி ஓடிப்போய் ஜீப் பிடித்து வந்தான். வழியில் ஷாஹிஸ்தா ஏறிக்கொண்டாள். நல்ல மருந்து ஓர் ஊசி போட்டு, "இது பத்தாதுண்ணா, நரம்பு வழியா மருந்து ஏத்தோணும். கீழ பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க," என்றாள். மலைப்பாதையில் மேகம் இறங்கி முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கே தெரியவில்லை. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, நின்று, திருப்பினார். எழுபது வளைவு. பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டே வந்த பாவாயிக்குப் பாதி வழியில் எண்ணிக்கை தப்பியது.

இரண்டு நாள் கழித்துத்தான் கோகிலா கண் விழித்தாள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். பாவாயி கட்டில் காலைப் பிடித்தபடி, "அம்மா தெரியாத்தனமாப் பண்ணிப்புட்டேன் கண்ணு," என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. நீ குப்பியைக் கையில வெச்சு உருக்குனப்ப நான் கதவுகிட்டதான் நின்னேன்."

"பாத்தியா? பாத்துட்டு ஏஞ்சாமி அந்த ஊசியப் போட்டுக்கிட்ட?"

கோகிலாவுக்கு உதடு காய்ந்திருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள். "சொன்னா எல்லாரும் உன்னைய வைவாங்கல்ல."