துவைகல்லில் இட்ட முட்டைகள்

1956, சித்திரை. ஆவுடையார்கோவில் அருகே எங்கள் ஊர்க்குளத்தில், துவைகல்லின் நீரில் மூழ்கிய சரிவில் ஒரு ஜோடி செல்லக்காசு மீன்கள் முட்டையிட்டன. முட்டைகள் பொரிந்தன.

என் மகள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் அதே மஞ்சள் மீன்கள் இன்று கல்லில் முட்டையிட்டிருக்கின்றன. எது அம்மா என்று பேத்தி கேட்டாள். இரண்டும் ஒன்றுபோலவே இருப்பவை. பார்த்ததும் சொல்ல இயலாது.

அன்று, முட்டைகள் நசுங்கிவிடக் கூடாதென்று, அம்மா யாரையும் அந்தக் கல்லில் துவைக்க விடவில்லை.

“அங்கிட்டுப் போயித் தொவைங்க மதினி,” என்றாள் அம்மா.

“எடத்த விட்டு நகராம நிக்கிதே, அதான் ஆத்தா,” என்றார் பக்கத்து வீட்டு அத்தை. “ஊரு சுத்துறது அப்பன், நம்ம வாத்தியாரு மாதிரி.”

பள்ளியிலிருந்து வந்த அப்பா சிரித்துக்கொண்டே கல்லருகே உட்கார்ந்தார். “நீ போயி ஒலைய வையி. நான் பாத்துக்கிறேன்.”

அவரோடு அமர்ந்திருக்கையில் கண்டேன். சுற்றித் திரிந்த மீன் முட்டைகளின்மேல் வந்து நின்று செட்டையால் விசிறியது; அதுவரை நின்றிருந்தது இரை தேடிப் போயிற்று. பின்னாளில் மீனியல் படித்தபோது அதையே மீண்டும் படித்தேன்.

இன்னும் செய்யாதவை:
பேத்திக்குப் பதில் சொல்ல வேண்டும்.
தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டும்.
மனைவி இறந்ததுமுதல் பூட்டிக் கிடக்கும் என் வீட்டுக்குத் திரும்பி, அவள் வளர்த்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.